நோட்டீஸ் போர்டில் பெயர், பீரோவில் ரகசியம்

கம்ப்யூட்டர் லேப்புக்குள் நுழையுமுன் செருப்பை வாசலில் கழற்றி விட்டுப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? ஏதோ கோயிலுக்குள் போவது மாதிரி ஒரு பயபக்தி. உள்ளே ஏ.சி. குளிர். ஒரு மூலையில் பெரிய மெஷின். அதிலிருந்து வயர் இழுத்து எட்டு டெர்மினல்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் 'லாகின்' என்று ஒரு சொல் நமக்காகக் காத்து நிற்கும். பெயரை அடித்து, பாஸ்வேர்டையும் அடித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. "சார், கீபோர்டு வேலை செய்யலை" என்று முதல் நாளே கத்தியவன் அடியேன்தான்.

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "இப்போ படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமா இருக்கணும், பழைய மாணவர்களும் ரசிக்கணும்" என்று நிபந்தனை போட்டார்கள். அந்த 'லாகின்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாம் யார் என்பதை ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கே எழுதி வைத்துக்கொள்கிறது? அதை யாரிடமிருந்து, எப்படி ஒளித்து வைக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. எழுதத் தொடங்கியதும், நான் தீர்க்காமல் விட்ட பழைய கணக்கு ஒன்றும் கூடவே வந்து நின்றுவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இரவில் ஒரு பிரிண்ட்-அவுட்

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை முதன்முதலாக இயக்கிக் காட்டியது. அதற்கு முன்பெல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலைதான். துளையிட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு ரேஷன் கடை போலக் காத்திருக்க வேண்டும். சி.டி.எஸ்.எஸ்.ஸில் ஒரே மெஷினைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். பலர் என்று வந்துவிட்டால், "இது யாருடைய ஃபைல்?", "யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்?" என்ற கேள்விகளும் வந்துவிடுகின்றன. அதற்காகத்தான் ஆளுக்கொரு கணக்கும், கணக்குக்கொரு பாஸ்வேர்டும் ஏற்பட்டன.

அந்தப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில், அடித்தது அடித்தபடியே கிடந்தன. யாரும் திறக்கக் கூடாது என்பது மட்டுமே அதற்குக் காவல்.

அங்கே ஆலன் ஷெர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு. அவருடைய ஆராய்ச்சிக்கு அது எந்த மூலைக்கு? எந்த ஃபைலையும் அச்சடித்துத் தரச் சொல்லித் துளையிட்ட அட்டை கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை பின்னிரவில் பாஸ்வேர்டு ஃபைலைக் கேட்டு ஓர் அட்டையைப் போட்டார். சனிக்கிழமை விடியற்காலையில் போய்ப் பிரிண்ட்-அவுட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பழி தன் ஒருவன் தலையில் விழ வேண்டாமென்று வேறு சிலருக்கும் அதைக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் அறிஞர் லிக்லைடர்! அவர் ராபர்ட் ஃபானோவின் கணக்குக்குள் புகுந்து கேலிச் செய்திகளை விட்டுவிட்டு வந்தாராம். பெரிய மனிதர்களும் ஒரு காலத்தில் ஹாஸ்டல் பையன்கள்தான் போலும்.

பின்னொரு நாள் இன்னொரு கூத்து. ஒரு நிர்வாகி பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் இன்னொருவர், லாகின் செய்பவர்களுக்கெல்லாம் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார. எடிட்டரின் வடிவமைப்புக் கோளாறால் இருவருடைய தற்காலிக ஃபைல்களும் இடம் மாறிவிட்டன. விளைவு, லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் பாஸ்வேர்டு முழுவதும் அச்சாகி வந்தது!

ஒளித்து வைத்த ஃபைல் என்றாவது ஒரு நாள் வெளியே வந்தே தீரும். வந்தாலும் அதனால் யாருக்கும் பயனில்லாமல் செய்ய வழி உண்டா? அடுத்த தலைமுறைக்கு இதுவே கேள்வியாயிற்று.

அரைத்த மாவும் அதில் போட்ட உப்பும்

விடை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. அங்கே ரோஜர் நீடம் செய்த ஏற்பாட்டை மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட தமது நூலில் விவரித்தார். நம் வீட்டு மொழியில் சொன்னால் இது மாவரைக்கும் விஷயம். அரிசியை மாவாக்கலாம், மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காமல் அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்வது. நாளை நீங்கள் வந்து பாஸ்வேர்டைச் சொன்னால் அதையும் அரைத்து, இருக்கும் மாவோடு ஒத்துப் பார்ப்பது. இரண்டும் ஒன்றானால் உள்ளே போகலாம். கம்ப்யூட்டருக்கே உங்கள் பாஸ்வேர்டு தெரியாது!

பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், ஆரம்பத்தில் பாஸ்வேர்டுகளை அப்படியே வைத்திருந்து, பின்னர் இந்த வழிக்கு வந்தது. கணக்குகள் எல்லாம் 'பாஸ்வ்டு' என்று எழுத்துக் குறைத்துப் பெயரிட்ட ஒரே ஃபைலில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. வரிக்குள் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு கட்டங்கள்: லாகின் பெயர், மாவாக்கிய பாஸ்வேர்டு, பயனர் எண், குழு எண், ஆளைப் பற்றிய குறிப்பு, அவருடைய டைரக்டரி, அவருக்காகத் தொடங்க வேண்டிய புரோகிராம். இவற்றில் உயிர்நாடி மூன்றாவது கட்டம். யூனிக்ஸ் ஆளை அறிவது பெயரால் அல்ல, எண்ணால். எண் 0 என்றால் அவர்தான் சர்வாதிகாரி, 'ரூட்'. மற்ற எண்கள் எல்லாம் குடிமக்கள்.

இதில் ஒரு வேடிக்கை, அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏன் அப்படித் திறந்து வைத்தார்கள்? டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலின் மேலும் உரிமையாளரின் எண்தான் பதிந்திருக்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் சாதாரண புரோகிராம்கூட எண்ணைப் பெயராக்கிக் காட்ட இந்த ஃபைலைத்தான் புரட்ட வேண்டும். நம் நோட்டீஸ் போர்டு மாதிரி. பதிவு எண்ணும் பெயரும் வாசலில் தொங்கினால்தான் ஹாலில் யார் எங்கே உட்காருவது என்று தெரியும். ஆனால் யூனிக்ஸ் நோட்டீஸ் போர்டில் மாவாக்கிய பாஸ்வேர்டையும் சேர்த்தே ஒட்டி வைத்தார்கள். 'மாவுதானே, யார் என்ன செய்துவிட முடியும்?' என்ற தைரியம்.

அந்தத் தைரியத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் அவர்களே. ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 15 வெறும் ஒற்றை எழுத்து. 72 இரண்டெழுத்து. குட்டையானவை, அகராதியில் உள்ளவை, பெயர்கள் என்று எளிதில் அகப்படக்கூடியவை மொத்தம் 2,831. அதாவது 86 சதவீதம்! மாவை அரிசியாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் உள்ள அரிசி வகைகளை ஒவ்வொன்றாக அரைத்து, எது ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

அதற்கு இரண்டு வைத்தியங்களை அவர்கள் எழுதினார்கள். முதலாவது, மெதுவாக அரை. பழைய முறை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய எம்-209 சங்கேத இயந்திரத்தைப் போலச் செய்து காட்டுவது. அது வேகமாக ஓடியதே அதன் குற்றம். புதிய முறையில் டி.இ.எஸ். என்ற சங்கேத முறையை 25 முறை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். உண்மையான ஆளுக்கு ஒரு நொடி தாமதித்தால் நஷ்டமில்லை, ஆயிரக்கணக்கில் முயல்கிறவனுக்குத்தான் கஷ்டம். இரண்டாவது வைத்தியத்தின் பெயரே 'உப்பு'. ஒவ்வொருவர் மாவிலும் 4,096 வகை உப்பில் ஏதோ ஒன்றைப் போட்டு அரைப்பது. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் மாவு வேறாகத் தெரியும். ஒருமுறை அரைத்து எல்லாருடனும் ஒத்துப் பார்க்க முடியாது, ஒவ்வொரு உப்புக்கும் தனியாக அரைக்க வேண்டும்.

அப்பா போட்ட பூட்டு

1988 நவம்பர் 2ஆம் தேதி இன்டர்நெட்டில் ஒரு புரோகிராம் தானாகவே மெஷினுக்கு மெஷின் தாவிப் பரவ ஆரம்பித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, எல்லாரும் படிக்கக்கூடிய அந்தப் பாஸ்வேர்டு ஃபைல். லாகின் பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கும், அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும், குறிப்புக் கட்டத்தில் உள்ள பெயர்களைப் பார்க்கும். பிறகு தன்னோடு கொண்டு வந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கும். ஒரு கணக்கு திறந்துகொண்டால் அந்த ஆளுடைய பெயரிலேயே அடுத்த மெஷினுக்குப் போகும்.

எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். மேலே சொன்ன ராபர்ட் மாரிஸின் மகன்! அப்பா போட்ட பூட்டை மகன் ஆட்டிப் பார்த்துவிட்டார். 1990இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் விதிக்கப்பட்டன. பின்னாளில் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியரானார்.

வழி அதற்குள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நோட்டீஸ் போர்டைத் தூக்கிவிட முடியாது, அது எல்லாருக்கும் தேவை. ஆனால் மார்க் பட்டியலைத் தேர்வுத் துறை பீரோவில் பூட்டலாமே? பாஸ்வ்டு ஃபைலின் இரண்டாம் கட்டத்தில் வெறும் ஓர் அடையாள எழுத்தை வைத்துவிட்டு, மாவை மட்டும் ரூட் தவிர வேறு யாரும் படிக்க முடியாத தனி ஃபைலுக்கு மாற்றினார்கள். அதன் பெயர் 'ஷேடோ', நிழல். 1980களின் நடுவில் சன் ஓ.எஸ்.ஸிலும், 1988இல் சிஸ்டம் 5 வெளியீடு 3.2இலும், 1990இல் பெர்க்லி யூனிக்ஸிலும் இந்த ஏற்பாடு வந்தது. இன்று உங்கள் லினக்ஸ் லேப்டாப்பிலும் இதே இரட்டை ஃபைல்தான். தம்பி தங்கைகளே, இன்றைக்கே திறந்து பாருங்கள். முதலாவது திறக்கும், இரண்டாவது 'அனுமதி இல்லை' என்று கையை விரிக்கும்.

திரைக்குப் பின்னால் நிற்பவர்

விண்டோஸ் கதை வேறு மாதிரி. விண்டோஸ் 95 பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி காட்டும். எஸ்கேப் பொத்தானைத் தட்டினால், "சரி, வாங்க" என்று உள்ளே விட்டுவிடும்! ஆனால் 1993இல் வந்த விண்டோஸ் என்.டி. அப்படியல்ல. அதன் கணக்குகள் எஸ்.ஏ.எம். என்ற தனி ஃபைலில் இருக்கும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதை நகலெடுக்கக்கூட முடியாதபடி சிஸ்டமே கையில் பிடித்துக்கொண்டிருக்கும். நிர்வாகியாகவே நுழைந்து ரெஜிஸ்ட்ரியைத் திறந்தாலும் அந்த இடம் காலியாகத் தெரியும்.

மறைப்பு பலமாக இருந்தது, மாவுதான் மட்டம். பழைய சிஸ்டங்களோடு ஒத்துப்போவதற்காகப் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழு எழுத்தாக இரண்டாக வெட்டி, உப்பே போடாமல் அரைத்து வைத்தார்கள். 1997இல் அந்த ஃபைலிலிருந்து மாவை எடுக்கும் புரோகிராம் வெளியானது. எடுத்ததை உடைக்கும் புரோகிராமும் அதே ஆண்டில் வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் எஸ்.ஏ.எம்.முக்கு மேலும் ஒரு பூட்டுப் போட வேண்டியதாயிற்று. 2007இல் விஸ்டா வந்தபோதுதான் அந்த உப்பில்லா மாவை எழுதி வைக்கும் பழக்கம் முன்னிருப்பாக நிறுத்தப்பட்டது.

கணக்கையே கண்ணில் படாமல் மறைக்கும் வழக்கமும் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி.யின் வரவேற்புத் திரையில் வீட்டார் பெயர்கள் படத்தோடு வரிசையாக நிற்கும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' மட்டும் இருக்காது. ஆனால் அவர் எங்கும் போய்விடவில்லை. சேஃப் மோடில் துவக்கினால் வந்து நிற்பார். ஹோம் பதிப்பில் அவருக்குப் பாஸ்வேர்டே வைக்கப்பட்டிருக்காது! ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெயரை எழுதிப் பூஜ்யம் போட்டால் அந்தக் கணக்கும் திரையிலிருந்து மறையும். ஆனால் கட்டளை வரியில் பட்டியல் கேட்டால் வந்துவிடும். பெயரை மாற்றி ஏமாற்றலாம் என்றால் அதுவும் பலிக்காது. முதல் நிர்வாகியின் அடையாள எண் எப்போதும் 500 என்றுதான் முடியும், விருந்தாளிக் கணக்கு 501. மாக் ஓ.எஸ். எக்ஸிலும் 500க்குக் கீழே எண் கொண்ட கணக்குகளை லாகின் திரையில் காட்டாத வழக்கம் உண்டு. இவையெல்லாம் திரைச்சீலைகள், பூட்டுகள் அல்ல. வீட்டுக்கு வந்தவர் கண்ணில் சமையலறை படாமல் இருக்க உதவும். திருடனைத் தடுக்காது.

திரை எத்தனை நாள் தாங்கும் என்பதற்குக் கடைசி உதாரணம் கென் தாம்சனே. 1980ஐ ஒட்டிய பெர்க்லி யூனிக்ஸின் பழைய ஃபைல்களுக்குள் ஒரு பாஸ்வ்டு ஃபைலும் அப்படியே தங்கிவிட்டது. ஆர்வலர்கள் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். ஸ்டீஃபன் போர்ன் தம் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். பிரையன் கெர்னிகன் அடுத்தடுத்துள்ள மூன்று நிறுத்தற்குறிப் பொத்தான்களை இரண்டு முறை தட்டியிருந்தார். தாம்சனுடையது லேசில் மசியவில்லை. 2019 அக்டோபரில், வீடியோ விளையாட்டுக்கான கார்டு ஒன்றை நான்கு நாட்களுக்கு மேல் ஓடவிட்ட பிறகுதான் உடைந்தது. ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் செஸ் ஆட்டத் தொடக்கம், பழைய குறிமுறையில் எட்டு எழுத்தாக! 1980இல் உலகக் கம்ப்யூட்டர் செஸ் பட்டம் வென்ற 'பெல்' இயந்திரத்தை ஜோ காண்டனோடு சேர்ந்து உருவாக்கியவர் வேறு எதை வைப்பார்? கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு தாங்கிய பூட்டு. உடைத்தவரைத் தாம்சன் பாராட்டினார்.

எனது பழைய கணக்கு

இப்போது நான் வாக்களித்த விஷயம். 1994இல், இரண்டாம் ஆண்டில், நம் லேப் மெஷினில் நிழல் ஃபைல் கிடையாது. மாவு நோட்டீஸ் போர்டிலேயே இருந்தது. சீனியர் ஒருவர் கொடுத்த ஜெராக்ஸைப் படித்துவிட்டு நாற்பது வரியில் ஒரு சி புரோகிராம் எழுதினேன். சாமி பெயர், சினிமா நடிகை பெயர், ஊர்ப் பெயர், கூடப் படித்த பெண்களின் பெயர் என்று முந்நூறு சொற்கள். ஒரே மதியத்தில் ஏழு பேர் கணக்கு திறந்தது. என் கை கால் நடுங்கியது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பயத்தினால் அல்ல, கர்வத்தினால்.

மறுநாள் இன்னும் பெரிய பட்டியலோடு வந்தேன். என் பெயரில் ஓட்ட மனம் வரவில்லை. திறந்த ஏழு கணக்குகளில் ஒன்று எங்கள் வகுப்பு முன்வரிசை நண்பனுடையது. பாஸ்வேர்டு அவன் தங்கையின் பெயர். அவன் கணக்கில் நுழைந்து அந்தப் புரோகிராமை ஓடவிட்டேன். அரை மணியில் எட்டு டெர்மினலும் நொண்ட ஆரம்பித்தன. லேப் சார் மெஷினில் என்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தார். அதில் வந்தது நண்பன் பெயர்.

"சார், நான் இல்லை சார்" என்றான்.

"மெஷின் பொய் சொல்லுமாடா?" என்றார் சார்.

மெஷின் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது ஒரு எண், அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர். பாஸ்வ்டு ஃபைலில் ஏழு கட்டம் உண்டு, கீபோர்டில் இருக்கும் விரல் யாருடையது என்று சொல்லும் கட்டம் ஒன்றுகூட இல்லை. சாரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி அது. நண்பன் இரண்டு மாதம் லேப்புக்குள் வரக் கூடாது என்றாயிற்று. பிராக்டிகல் பரீட்சைக்கு அவன் நோட்டுப் புத்தகத்தில் புரோகிராம் எழுதிப் பார்த்துப் படித்தான். நான் மூன்றாவது டெர்மினலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். லேப் வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றும்போது அவன் தாண்டிப் போவான். என்னைச் சந்தேகித்தானா என்று அவன் முகத்திலிருந்து என்னால் ஒருநாளும் படிக்க முடியவில்லை.

பின்னாளில் என் பிழைப்பே இந்தத் துறையாயிற்று. இன்னார் செய்தார் என்று ஒரு பதிவேடு காட்டும்போதெல்லாம், "அந்தக் கணக்கில் இருந்தது அவர்தானா?" என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அலுவலகத்தில் அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆலன் ஷெர் எம்.ஐ.டி.யை விட்டுப் போய்க் கால் நூற்றாண்டு கழித்து, கோர்பட்டோவிடமே நேரில் போய், "அந்தப் பிரிண்ட்-அவுட் எடுத்தவன் நான்தான்" என்று ஒப்புக்கொண்டாராம். டாக்டர் பட்டத்தைப் பிடுங்கிவிட மாட்டோம் என்று கோர்பட்டோ அவருக்கு உறுதி சொன்னார். நான் அவரைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டுவிட்டேன். லேப் சார் இந்த மலரைப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால், போன மாதம் நண்பனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எழுதுடா. சாருக்குத் தெரியணும்" என்றான். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

ஆகவே எழுதிவிட்டேன். சார், அது அவன் இல்லை. நான்தான்.

சங்கமத்துக்கு வரும் அனைவருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் லேப் வாசலில் சந்திப்போம். இப்போது செருப்பைக் கழற்ற வேண்டியதில்லையாமே!

— பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், 1992-95 அணி